ஒரு நாள் குடியிருந்து பார்த்த ஊர்கள்

காருக்குள் புட்டு வாசம். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. மருமகன் சிவா துண்டால் துடைத்த பிறகுதான் அந்த வீடு கண்ணில் பட்டது... நகரத்தின் தென்கோடியில், பிளாட் புஷ்ஷில், விற்பனைப் பலகை நட்டிருந்த புத்தம்புது வெள்ளை வீடு. அதன் முன்னால் காரை நிறுத்தி, விடியற்காலையில் குடும்பமாகப் புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அப்போது சாண்ட்ரிங்கத்தில் வாடகைக்கு இருந்தோம். மகள் வதனி, சிவா, பேத்தி ஆரணி மூவருக்கும் ஓர் அறை. எனக்கு ஹோலில் மெத்தை. காலையில் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். வங்கி மோர்ட்கேஜ் தருவதாகச் சொன்னதும், எங்கே வாங்குவது என்பதே வீட்டில் பேச்சாகிவிட்டது. பிளாட் புஷ்ஷில் நாலு அறை வீடு கிடைக்கும். அதே காசுக்கு லின்ஃபீல்டில் பழைய செங்கல் யூனிட், இரண்டே அறை.

அந்த வெள்ளை வீட்டை ஓபன் ஹோமில் சுற்றிப் பார்க்கப் போனபோது வதனி கீழ்த்தளத்து அறையைத் திறந்து காட்டினாள். தனிக் குளியலறை, பெரிய ஜன்னல். "இது அம்மாவின்ர அறை" என்றாள்.

சிவாதான் குறுக்கே ஒரு யோசனை சொன்னார். "வீட்டை எல்லாரும் பாக்கினம் மாமி. அங்க நாள் எப்பிடிப் போகுமெண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை."

அப்படித்தான் இந்த ஒத்திகை. அந்த வாசலில் இருந்து வேலைக்குக் கிளம்புவது, அங்கேயே திரும்பி வருவது. அவர் நகரத்தின் மறுகோடியில் நியூ லின்னில் கடை வேலைக்கு, வதனி முதியோர் இல்லத்துக்கு, ஆரணி பள்ளிக்கூடத்துக்கு. நான் அங்கே இருக்க வேண்டும். பக்கத்துப் பார்க்கில் டொய்லெட் இருக்கிறதா என்று பார்த்து, சோற்றுப் பார்சலோடு என்னை இறக்கிவிட்டார்கள்.

அழகான ஊர், குறை சொல்ல மாட்டேன். அகலமான ரோடு, வரிசையாக வீடுகள். கராஜ் கதவு திறக்கும், கார் போகும், கதவு மூடும். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். நடந்தேன், உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், திரும்ப நடந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் பஸ் பலகை வாசிக்கவும் வராது அப்போது.

நன்றாக இருட்டிய பிறகுதான் வந்தார்கள். மோட்டர்வேயில் அப்படி நெரிசலாம். ஆரணி சாப்பிடாமலே பின்சீட்டில் தூங்கிப்போயிருந்தாள். "எப்பிடியம்மா இருந்தது?" என்று வதனி கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று உடைந்து வருகிறது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது... காலையிலிருந்து நான் ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த வாரம் லின்ஃபீல்ட், அவர்கள் இருவரின் வேலைக்கும் பக்கம். அன்று தூறல் வேறு. மழைக்கு ஒரு டெய்ரியில், இங்கத்தைய மூலைக் கடையில், ஒதுங்கினேன். கடைக்கார அம்மா பிஜிக்காரர். அவருடைய பாட்டனார் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் சனம். தமிழில் தண்ணி, சோறு, வா, போ அளவுக்குத்தான் தெரியும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, சரியா சரியா என்று என்னிடம் கேட்டார். ஒரு நாற்காலியும் போட்டுத் தந்தார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நடந்து வந்தார்கள், கூடவே தாய்மார், தாத்தாமார். மதுரைப் பெண் ஒருத்தி என் சேலையைப் பார்த்துவிட்டு நின்றாள். பள்ளிக்கூடம் கிட்டவோ என்று கேட்டேன்.

"ஆமா பாட்டி, எல்லாம் நடக்குற தூரம்தான். நீங்களே புள்ளய கூட்டிட்டு வந்துரலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து லின்ஃபீல்டே வாங்குவோம் என்றேன். வதனி அழுதுவிட்டாள்.

"எங்களுக்காகச் சொல்லாதேங்கோ அம்மா. இவ்வளவு காலம் ஹோலில படுத்தது காணாதோ?"

"அறைக்குள்ள நான் எவ்வளவு நேரம் இருக்கிறது பிள்ளை? கதவைத் திறந்தா ஆரோட கதைக்கிறது?"

வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். மறுத்தது ஆரணிதான். தனி அறை என்று ஆசை காட்டியிருந்தோமே... "நோ வே!" என்று கதவை அடித்துச் சாத்தினாள்.

லின்ஃபீல்டுக்குக் குடிபோன அன்றே எங்கள் இருவருக்குமான அறையின் நடுவில் செலோடேப் ஒட்டி எல்லை போட்டாள். "அம்மம்மா, திஸ் இஸ் யுவர் சைட்." நானும் விடவில்லை. என் பக்கம் வந்தால் தமிழில்தான் கதைக்க வேண்டும் என்றேன். பயத்தம் பணியாரம் போட்டு வைத்த தகரப் பேணியும் என் பக்கம்தான் இருந்தது! முதலில் கையை நீட்டி "தாங்கோ" என்று மட்டும் சொல்வாள். பிறகு ஏன், எதற்கு என்று கேட்கத் தொடங்கினாள். பிறகு பள்ளிக்கூடத்துச் சண்டையெல்லாம் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து சொன்னாள். செலோடேப் எப்போது உரிந்து போனதென்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அவளைப் பள்ளிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், தெரியுமா? மழையோ குளிரோ, நடந்தே.

இப்போது அவள் எலக்ட்ரீஷியன். ஹமில்டனில் வேலை. எங்கள் குடும்பத்தில் ஏணியில் ஏறி வயர் இழுக்கிற முதல் ஆள், அதுவும் பெண். கோயிலில் மற்றவர்கள் பேரப்பிள்ளைகள் தமிழுக்கு இங்கிலீஷில் பதில் சொல்லுகினம் என்று குறைபட்டால் நான் வாய் திறப்பதில்லை. என் பேத்தி போனில் என்னைத் தமிழில் ஏசுகிறாள், மாத்திரை போடவில்லை என்று. அதைப் போய் எப்படிப் பெருமை பேசுவது!

அறை இப்போது எனக்கே எனக்கு. வதனி அன்று தர ஆசைப்பட்டது தானாக வந்துவிட்டது. நினைத்த நேரத்துக்கு லைட்டை அணைக்கலாம். கேட்க ஆள் இல்லை.

போன கிழமை வதனி கேட்டாள், ஆரணியின் கட்டிலை எடுத்துவிட்டுத் தையல் மெஷினைப் போடுவோமா, இடம் தாராளமாக இருக்குமே என்று.

லோங் வீக்கெண்டுக்குப் பிள்ளை வருவாள், கிடக்கட்டும் என்றேன்.