‘திரும்பி வருவேன்’ என்றவரின் கோப்பு

இன்று நான் மாவட்ட நிர்வாகத்தின் துணைத் தலைவர். நீதிபதி வேலையை விட்டு இங்கே சட்டப் பிரிவுக்கு வந்த முதல் வாரம், ஒரு கோப்பு என் கைக்கு வந்தது.

டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகம். சிவநாதன் என்ற சமையற்காரருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. சான்றிதழ் வாங்க முன்கூட்டிக் குறித்த நேரம், டெர்மின், மட்டும் பாக்கி, வெள்ளிக்கிழமை. டொரொன்டோவில் மகளுக்குக் கலியாணம். ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தால்தான் விசாவுக்குக் காத்திராமல் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். சான்றிதழை முந்தித் தர முடியுமா என்று கேட்க வந்திருக்கிறார். முடியாது என்றதும் எழுந்து, "இஹ் கொம்ம வீடர்!" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வருவேன். அறையில் தனியே இருந்த பெண் அலுவலர் நடுங்கிப்போய் ‘மிரட்டல்’ என்று எழுதிவிட்டார். கட்டடத்துக்குள் நுழையத் தடை விழுந்தது. அதை எதிர்த்து அவர் அனுப்பிய மனு என் மேசைக்கு வந்தது.

வாசித்ததும் சிரித்துவிட்டேன். எங்கிருந்து கிளம்பினாலும் ஈழத் தமிழர் நாங்கள் "போறன்" என்று சொல்ல மாட்டோம், "போட்டு வாறன்" என்போம். மனிதர் அதை அப்படியே ஜெர்மன் ஆக்கியிருக்கிறார்! உரத்த குரல் சமையலறைப் பழக்கம்.

சிரிப்பு அடங்கியதும் பயம் பிடித்தது. இதை நான் எழுதினால், தன் ஆளைக் காப்பாற்றுகிறாள் என்று பேச மாட்டார்களா? கோப்பை இழுப்பறையில் வைத்தேன். கதவு தட்டப்படும்போதெல்லாம் இழுப்பறை மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். செவ்வாய் போனது, புதன் போனது. வெள்ளிக்கிழமை அவருடைய டெர்மினும் போனது.

திங்கட்கிழமை ஜெர்மன்காரரான மாவட்டத் தலைவரிடம் போய் ஜெர்மனில் சொன்னேன்.

"இதில நான் முடிவெடுக்க ஏலாது. நானும் தமிழ்."

"இதைச் சொல்ல ஒரு கிழமையோ? வேற ஆளிட்டக் குடுங்கோ. அந்தச் சொல்லுக்கு விளக்கம் மட்டும் எழுதித் தாங்கோ."

கோப்பை வாங்கிக்கொண்ட சக அதிகாரி சிவநாதனையும் அந்தப் பெண் அலுவலரையும் கூப்பிட்டு விசாரித்தார். இரண்டு மணி நேரத்தில் தடை நீங்கியது. ஆனால் அடுத்த டெர்மின் இரண்டு மாதம் தள்ளித்தான் இருந்தது. மகளின் கலியாணத்தை அவர் ஃபோனில் பார்த்தார்.

சான்றிதழ் வாங்க வந்தவரிடம், "அண்ணை, கலியாணத்துக்குப் போக ஏலாமப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"நீங்கள் என்ன செய்யிறது தங்கச்சி? சட்டம் அப்பிடி."

சட்டம் அப்படி இல்லை. சட்டத்துக்கு இரண்டு மணி நேரம் போதுமாக இருந்தது. மீதி நாட்கள் என் பயத்துக்குப் போனவை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன்: உங்கள் ஆள் என்று தெரிந்தால் அன்றே மேலிடத்தில் சொல்லிக் கோப்பைக் கைமாற்றிவிடுங்கள். ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்பார்கள். சிவநாதனிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.