தானாகச் சூடேறிய வால்வு

பரக்கத் அலி பாலக்கரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அரசாங்க லைசென்ஸ் வாங்கி, வீட்டு மாடியின் தகரக் கொட்டகையிலிருந்து மோர்ஸ் தந்திக் குறி தட்டி வெளியூர்க்காரர்களோடு பேசுவது அவருக்குப் பெரிய ஆசை. அறுபத்து நாலாம் வருஷக் கோடையில் சிக்னலைப் பெருக்க ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினார். உள்ளே ஆயிரம் வோல்ட்டில் ஓடும் கண்ணாடிக் குழாய் வால்வு. தட்டாதபோது அதை அடக்கி வைப்பது பயாஸ் என்னும் எதிர்மின் அழுத்தம். தட்டும்போது ஒரு சின்ன ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் அந்தப் பிடியைத் தளர்த்தி வால்வை எழுப்பிவிடும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பார்க்க வந்த ஸ்ரீனிவாசராகவனும் லைசென்ஸ்காரர்தான். டிரான்சிஸ்டர் வால்வுக்கு இவ்வளவு பக்கத்தில் வேண்டாம், சூட்டில் தானாகவே கரண்டைக் கசியவிட்டு வால்வை எழுப்பிவிடும் என்றார். காலை நேரங்களில் எல்லாம் ஒழுங்காக நடந்ததால் பரக்கத் அலி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மனைவி கமர் ஜஹான் சொன்னாள்: "நீங்க கையை எடுத்தப்புறமும் அந்தப் பெட்டி உறுமுதுங்க."

ஃபேன் சத்தம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்ததும் பேசலாமென்று பெட்டியை அணைக்காமல் பள்ளிவாசலுக்குப் போனார். தகரம் கொதித்தது. கருகல் வாடை வரவே மேலே போன கமர் ஜஹான் வாசலிலேயே நின்றாள். யாரும் தொடாத பெட்டிக்குள் வால்வின் தகடு கொல்லன் உலை இரும்பாகச் சிவந்திருந்தது. உறுமல் ஏறிக்கொண்டே போனது. கிட்டே போகாமல் கீழே ஓடி மெயின் ஸ்விட்சை இழுத்தாள்.

பரக்கத் அலி வந்ததும் விஷயத்தைக் கேட்டு மாடிக்கு ஓடினார். மூடியைக் கழற்றி உள்ளே கையை நீட்டப் போனார். பின்னாலேயே வந்தவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மெயினை அணைச்சாலும் உள்ளே கரண்டு நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது இந்நேரம் வடிஞ்சிருக்கும்."

"வடியலன்னா?"

அவர் ரப்பர் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கரண்டைத் தேக்கி வைக்கும் கண்டென்சரின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டார். வேட்டு வெடித்தது போல நீலப்பொறி பறந்தது. ஸ்க்ரூடிரைவர் முனை உருகிப்போயிருந்தது. மின்சாரத்தை வடிக்க வேண்டிய ரெசிஸ்டர் சூட்டில் கருகி அறுந்திருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு டிரான்சிஸ்டரைப் பெட்டிக்கு வெளியே அலுமினியத் தகட்டில் பொருத்தினார். சூட்டிலும் அது அடங்கிக் கிடக்க ஒரு ரெசிஸ்டர் சேர்த்தார். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கட்டுமென்று வடிக்கும் ரெசிஸ்டர் இரண்டு வைத்தார். உச்சி வெயிலில் சோதித்தபோது வால்வு அமைதியாக இருந்தது. ஆனாலும் அவர் மேலே இருக்கும்வரை கமர் ஜஹான் மெயின் ஸ்விட்சை விட்டு நகர்வதில்லை.