சமாளிச்சுக்கிட்டிருக்கோம் சார்

நான் வரலாறு படித்தவள். கம்மாபுரம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. எங்கள் கணக்கு ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஒரு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பத்தாம் வகுப்புக் கணக்கைத் தலைமையாசிரியர் என் தலையில் கட்டினார். நான் சொல்லப்போகும் சமயத்தில் அந்த ஒரு மாதம் மூன்று வருடமாகியிருந்தது. நோட்ஸில் இருப்பதை நான் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள், பரீட்சையில் அதையே திரும்ப எழுதுவார்கள். யாராவது ஏன் என்று கேட்டால் முதலில் எழுதி முடி என்பேன். இதற்குப் பாடம் நடத்துவது என்று பெயர்.

சட்டமன்றம் கூடுவதற்குச் சில வாரங்கள் முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. கல்வி மானியக் கோரிக்கைக்கான முன்னுரிமைகளை ஆசிரியர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்யப்போகிறார்களாம். கடலூரில் கூட்டம், ஒன்றியத்துக்கு நான்கு பேர் வர வேண்டும். எங்கள் பள்ளியில் யாரும் தலையைத் தூக்கவில்லை. நான் மட்டும் நம்பினேன். இருபது வருட சர்வீஸுக்குப் பிறகும் ஒரு சுற்றறிக்கையை நம்பியவள் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. காலிப் பணியிடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அடித்தல் திருத்தல் இல்லாமல் நகலெடுத்து, கைப்பையில் வைத்துக்கொண்டு, நான் குடியிருக்கும் சிதம்பரத்தில் பஸ் ஏறினேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். கல்வித் துறை மேலதிகாரி வரும்வரை எங்களை வட்ட மேசைகளில் உட்காரவைத்து, சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் ஒருவர், வகுப்பறையை மடிக்கணினியில் மட்டுமே பார்த்திருப்பார் போல, உங்கள் கனவுப் பள்ளியை வரையுங்கள் என்றார். வேலையில் நரைத்துப்போன மனிதர்கள் குனிந்து மரமும் சூரியனும் வரைந்தார்கள். ஒருவர் சூரியனுக்குக் கண்ணும் மூக்கும் வைத்தார். நானும் ஒரு கொடிக்கம்பம் வரைந்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பரங்கிப்பேட்டைக்காரர், கணக்கு ஆசிரியை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் வரையவில்லை. என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். வரலாறும் கணக்கும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். நான் எழுதி வந்த பக்கத்தை வாங்கிப் படித்தார். இதை மைக்கில் சொல்லுங்கள் என்றார். சொல்லத்தான் வந்தேன் என்றேன்.

மேலதிகாரி பதினொன்றரைக்கு வந்து, கல்வியே கண் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். தொடுதிரைப் பலகை, ஆங்கிலப் பேச்சு, கைபேசிச் செயலி என்று திரையில் வரிசையாக ஓடியது. ஆசிரியர் என்ற வார்த்தை அதில் ஓரிடத்தில் வந்தது, ஆசிரியர்களுக்கான செயலி என்று. கீழே எங்கள் கருத்து இன்னும் மேசை மேல் மரமும் சூரியனுமாகக் கிடந்தது.

அப்போதுதான் பரங்கிப்பேட்டை டீச்சர் எழுந்தார். வாசலில் கையெழுத்துப் போடும் மேசையில் அடுக்கிவைத்திருந்த அச்சடித்த அறிக்கை ஒன்றை வரும்போதே எடுத்துவந்திருக்கிறார். அதன் அட்டையை வாசித்தார். மாவட்ட ஆசிரியர்களின் கருத்துகளின் அடிப்படையில் தயாரிக்கப்பட்டது என்று இருந்தது.

“அது டிராஃப்ட், டீச்சர்” என்றார் மேலதிகாரி.

“நாங்க இன்னும் வாயே தெறக்கல சார். அதுக்குள்ள எங்க கருத்து பிரிண்ட் ஆயிடுச்சா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேலதிகாரி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பரங்கிப்பேட்டை டீச்சர் உட்காரவில்லை. என் தோளில் கை வைத்து, இந்த டீச்சர் வரலாறு படித்தவர், மூன்று வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார், அவரே சொல்லட்டும் என்றார். மைக் என் கைக்கு வந்தது. எழுதிய பக்கம் மடியில் இருந்தது. மேலதிகாரி புருவத்தை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைமையாசிரியர் முகம், மாறுதல் கவுன்சிலிங், என் பென்ஷன் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தன.

“சமாளிச்சுக்கிட்டிருக்கோம் சார்” என்றேன்.

மேலதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த மனப்பான்மைதான் வேண்டும் என்றார். மண்டபமே கைதட்டியது. சூரியனுக்கு மூக்கு வைத்தவர்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். அதன் பிறகு வெஜிடபிள் பிரியாணி கொடுத்தார்கள். சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பும்போது நானும் பரங்கிப்பேட்டை டீச்சரும் ஒரே பஸ். அவர் முட்லூரில் இறங்க வேண்டும். ஆலப்பாக்கம் தாண்டியதும் சத்தமே போடாமல் சொன்னார்:

“கணக்கு வராதது உங்க தப்பு இல்ல டீச்சர். வாயும் வரலியே.”

மேலதிகாரிகளை எத்தனையோ வருடமாக மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தவள் நான். அவர்களுக்கு நான் எந்த விதத்தில் மேல் என்று அன்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

சட்டமன்றம் கூடியது. ஆசிரியர் அறையில் கைபேசியைச் சுற்றி நின்று அறிவிப்புகளைக் கேட்டோம். கூடுதல் பாடங்களைத் தன்னார்வத்தோடு எடுக்கும் ஆசிரியர்களை ஊக்குவிக்க இணையவழிப் பயிற்சியும் சான்றிதழும் என்று ஒரு வரி வந்தது. மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. காலியிடம் என்ற பேச்சே இல்லை. ஓர் ஆளை வேலைக்கு எடுப்பதைவிட ஒரு சான்றிதழை அச்சடிப்பது எவ்வளவு சுலபம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் போன்றவர்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். பயிற்சி என்பது நான்கு வீடியோ. தானாக ஓடவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்தினேன். சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று தலைமையாசிரியர் சொன்னபோது மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

அன்று சாயங்காலம் பரங்கிப்பேட்டை டீச்சருக்குப் போன் செய்தேன். கூட்டத்தன்று மேசையில் எல்லாருடைய எண்ணும் எழுதி வாங்கியபோது அவருடையதை நானும் குறித்துக்கொண்டிருந்தேன். நல்லதற்குப் பயன்பட்டது அது ஒன்றுதான். கணக்கு கற்றுக்கொள்ள வேண்டும், நோட்ஸ் இல்லாமல் என்றேன். என்னை அவர் மன்னிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வாங்க, ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாங்க என்றார்.

ஐந்தாம் வகுப்பா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. போனேன். முதல் நாள் பின்னங்களிலேயே மாட்டிக்கொண்டேன். அவர் வீட்டுக் கூடத்தில் ஐம்பது வயதுப் பெண்பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் மாமியார் உள்ளே போகும்போதும் வரும்போதும் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் இப்போது பாதிக்குப் பதில் சொல்கிறேன். மீதிக்குத் தெரியாது, திங்கட்கிழமை சொல்கிறேன் என்கிறேன்.

பணியிடம் இன்னும் காலிதான். அடுத்த கூட்டத்துக்கும் சுற்றறிக்கை வந்திருக்கிறது, கனவுப் பள்ளிக்கு ஸ்கெட்ச் பேனாவை அவர்களே தருவார்களாம். பெயர் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை பேசிவிடுவேனா என்று பரங்கிப்பேட்டை டீச்சர் கேட்டார். பேசுவேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.