கொலுப்படிக்கு அடித்த பெயின்ட்

தொண்ணூறுகளில் நாங்கள் மைசூரில் இருந்தபோது, தசராவுக்குச் சில நாள் முன்பு நடந்தது இது. என் எட்டு வயது மகள் சுதா விடாமல் தும்மிக்கொண்டிருந்தாள். தேவராஜ மொஹல்லாவில் ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் அழைத்துப் போனேன். என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். தயிர், ஐஸ்கிரீம் எல்லாம் ஒப்பித்தேன். கஷாயத்தோடு, புகை போட மூலிகைப் பொடியும் தந்தார்.

சாயங்காலம் கொலு அறையில் அவளை உட்காரவைத்து, தணலில் பொடியைத் தூவினேன். கொலுப்படிகளுக்கு அடித்த எனாமல் பெயின்ட் அப்போதும் காயவில்லை. அதில் தூசி ஒட்டக்கூடாதென்று ஜன்னல்களை அடைத்திருந்தேன். புகை வீணாகப் போகிறதே என்று கதவையும் சாத்தினேன்.

"அம்மா, மூச்சு விட முடியலம்மா" என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை. உதடு நீலம் பூத்தது. என் அலறல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் கௌரம்மா, "அய்யோ, என்ன வாசனைரீ இது! மொதல்ல கொழந்தைய வெளிய தூக்குங்க!" என்று சுதாவை வாரிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகே அவளுக்கு மூச்சு திரும்பியது.

பிறகு வைத்தியரிடம் நடந்ததை, பெயின்ட் அடித்திருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சொன்னார்: "பெயின்ட் அடிச்சதைச் சொல்லியிருந்தா, அந்த வீட்டுலயே அவளை வெச்சிருக்காதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன். காரணத்தை விலக்கறதுதாம்மா முதல் வைத்தியம்."

அதன் பிறகு எந்த வைத்தியரிடம் அவளை அழைத்துப் போனாலும், சாப்பிட்டதைக் கேட்பதற்கு முன்பே, சுவாசித்ததைச் சொல்லிவிடுவேன். கொலுப்படிகளுக்குப் பெயின்ட் கிடையாது, மேலே விரிக்க வெறும் வெள்ளை வேட்டிதான்.