எண்ணிய நினைவில்லை

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோபமில்லாத நாட்களில் பெரிய டாக்டர்கூட அப்படித்தான். பன்னிரண்டு வருடமாக டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் அவள். நோயாளியின் வயிற்றுக்குள் போகிற ஊசி, கருவி, ரத்தம் ஒற்றுகிற துணி எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. போனது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். ஒரு துணியை உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் சீழ் பிடித்து ஆளையே கொண்டுபோய்விடும்.

மூன்று மாதத்துக்கு முன் அவளுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. ஆறு நாள் அனலாய்க் கொதித்தது, ஏழாம் நாள் இறங்கியது, பத்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். காய்ச்சல் போனதே தவிர, பழைய உடம்பு திரும்பி வரவில்லை. மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறுவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். குளித்துவிட்டு வந்தால் மூட்டை சுமந்தவள் போலப் படுத்துவிடுவாள். எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது தலைக்குள் இறங்கியிருந்த மூட்டம். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவிப் போகும்.

"ஏங்க, அதை எடுங்க... அதான், துணி காயப் போட்டா மேல மாட்டுவோமே" என்று ஒருநாள் கணவரிடம் விரல்களை மூடித் திறந்து காட்டினாள்.

"கிளிப்பா? அதுக்கு எதுக்கு இவ்வளவு நடிப்பு?" என்று அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ரத்தம் சோதித்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். "ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையேம்மா. மனசைக் கொஞ்சம் தைரியமா வச்சுக்குங்க" என்றார் ஒரு டாக்டர். நாத்தனார் இன்னும் ஒருபடி மேலே போனாள். "காய்ச்சல் எங்களுக்கும்தான் வந்துச்சு அண்ணி. நாங்கல்லாம் எழுந்து ஓடலையா?" அன்றிலிருந்து அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மறக்கக் கூடாததையெல்லாம் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள். தியேட்டருக்குள் சீட்டு எடுத்துப் போக முடியாது. ஆனால் அங்கே கைக்கே வேலை தெரியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று காலை மேஜையில் இருந்தவர் ஒரு ரொட்டிக் கடைக்காரர். குடலில் அடைப்பு. வெளியே பெஞ்சில் அவர் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. களைப்பு ஏறியதும் கணக்கக்கா மேஜை விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

வயிற்றை மூடுவதற்கு முன் துணிகளை இரண்டு பேர் சேர்ந்து, வாய்விட்டு எண்ண வேண்டும் என்பது விதி. இன்னொருத்தி அவள் தோழி. போர்டில் கணக்கு எழுதுகிறவள். அவளைத்தான் ரத்த பாட்டில் கொண்டுவர அனுப்பியிருந்தார்கள். மூச்சு வாங்க ஓடி வந்தவள், "எண்ணிட்டியாடி?" என்றாள்.

"இருபத்தஞ்சு. சரி" என்றாள் கணக்கக்கா.

தோழி போர்டில் டிக் அடித்தாள். பெரிய டாக்டர் நூலுக்குக் கையை நீட்டினார். முதல் தையல் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருபத்தைந்து என்று சொன்னது நினைவிருக்கிறது. எண்ணியது நினைவில்லை. ஒரு துணிகூட நினைவில்லை. போர்டில் எழுதியிருந்ததை வாய் படித்ததா, கண் எண்ணியதா? மனதைக் குடைந்து பார்த்தாள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால்? ஒருவேளை சரியாகவே இருக்கலாம். பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. மூன்றாவது தையலுக்கு டாக்டரின் கை நீண்டது. அவள் ஊசியைக் கொடுக்கவில்லை.

"டாக்டர், நிறுத்துங்க. துணி எண்ணினேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல."

"என்ன சிஸ்டர் விளையாடறீங்களா? இப்பத்தானே சரின்னீங்க?"

"சொன்னேன். ஆனா எண்ணல போலிருக்கு."

மயக்க மருந்து டாக்டர் திரையைப் பார்த்தபடி, "பிரஷர் இறங்குது. சீக்கிரம் முடிங்க" என்றார்.

தோழி தரையில் மண்டியிட்டாள். விரித்திருந்த பிளாஸ்டிக் தாளில் ரத்தத் துணிகளை ஐந்து ஐந்தாகப் பரப்பினாள். இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். நான்கு வரிசை நிறைந்தது. ஐந்தாவது வரிசையில் நான்குதான் இருந்தது.

டாக்டர் போட்ட தையலை வெட்டிவிட்டுக் கையை உள்ளே விட்டார். கல்லீரலுக்குப் பின்னால் தேடினார். குடலை ஒதுக்கித் தேடினார். "இல்ல... இங்க இல்ல" என்று முணுமுணுத்தார். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மேஜைக்கு அடியிலும் இல்லை. கணக்கக்காவின் காதுக்குள் சொந்த இதயமே பறை அடித்தது. விழுந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எக்ஸ்ரே மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார் டாக்டர். அந்தத் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரிகிற இழை ஒன்று உண்டு.

"டாக்டர், இதோ!" தோழியின் குரல் கீழேயிருந்து வந்தது. மூன்றாவது வரிசையில் கட்டியாய் உறைந்திருந்த ஒன்றை விரலால் பிரித்தாள். ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு துணிகள் ஒன்றாய்க் கிடந்திருந்தன.

மறுபடி எண்ணினார்கள். இருபத்தைந்து. இந்தமுறை டாக்டரும் கூடவே எண்ணினார்.

ரொட்டிக் கடைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோரு நிமிடம் கூடுதலாக மயக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். ஆனால் கை கழுவும் இடத்தில் டாக்டர் அவளை விடவில்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"மூணு மாசமா டாக்டர். காய்ச்சலுக்கு அப்புறம்."

"மூணு மாசம் மறைச்சுக்கிட்டு என் பக்கத்துல நின்னிருக்கீங்க."

"வேற டாக்டர்கிட்ட, வீட்டுல எல்லாம் சொன்னேனே. யாருமே நம்பலை. அதுக்கப்புறம் மறைச்சேன்."

அவர் குழாயை மூடிவிட்டு, "நாளைலேருந்து தியேட்டருக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அங்கேயே, ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. கூடவே, சுமையை இறக்கி வைத்தாற்போல ஒரு நிம்மதியும் வந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்து அடுக்குகிற அறைக்கு அவளை மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து செய்யலாம். தோழி விசாரித்துச் சொன்ன ஒரு டாக்டரம்மா, அவள் சொன்னதை முக்கால் மணி நேரம் குறுக்கிடாமல் கேட்டார். "வைரஸ் போயிடுச்சு. உங்க உடம்பு இன்னும் அந்தச் சண்டைய விடல. இது மனப்பிரமை இல்ல. களைச்சதும் உட்காராதீங்க, களைக்கறதுக்கு முன்னாடியே உட்காருங்க" என்றார். கேட்க எளிது, செய்ய முடியவில்லை. கொஞ்சம் தெம்பு வந்ததும் வீட்டையே புரட்டிப் போட்டுக் கழுவுவாள், பிறகு மூன்று நாள் எழ மாட்டாள். சோபா உறை தைக்கிற கணவர் பெரிய மெத்தை வைத்த ஸ்டூல் ஒன்று செய்து இரண்டாம் மாடித் திருப்பத்தில் போட்டார். மாடிவீட்டுக்காரர்கள் அதில் உட்கார்ந்து அரட்டை அடிக்க ஆரம்பித்ததால், அவளுக்கு இடம் கிடைக்கச் சண்டை போட வேண்டியிருந்தது.

ஒரு வருடம் கழித்து அவளைத் தியேட்டருக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், சின்ன ஆபரேஷன்கள் மட்டும். போன வாரம் கை கழுவப் போனவள், குழாய்க்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முகமூடியை அவிழ்த்தாள்.

"டாக்டர், இன்னைக்குத் தலை சரியில்ல. வேற ஆளைப் போட்டுக்குங்க."

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எரிச்சலை விழுங்கிக்கொண்டு, "சரி, யாரையாவது கூப்பிடுங்க" என்றார்.

அவளே போய்த் தோழியைக் கூப்பிட்டாள்.