மூச்சடக்கும் அறை

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தால் சத்தமே கேட்காது. கண்ணாடிப் பாத்திரம் கழுவ வந்தவளை அந்த நடைக்காகவே உள்ளறை நுண்ணோக்கிக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

அது ஹாலோகிராம் எடுக்கும் நுண்ணோக்கி. லேசர் ஒளி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி செல்லுக்குள் புகுந்து வரும், மறுபாதி வெறுமனே வரும். இரண்டும் சேரும் இடத்தில் வரிவரியாகக் கோடுகள் விழும். அவற்றை வைத்துக் கணினி செல்லின் உயரத்தைக் கணக்கிட்டுத் திரையில் குன்றுகளாகக் காட்டும். சாயம் ஏற்ற வேண்டியதில்லை, செல் பாட்டுக்கு வாழும். ஆனால் மேசை இம்மி அசைந்தாலும் கோடுகள் கலங்கிவிடும். அதனால் படம் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, எல்லாரும் மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள்.

தாய் போன பிறகு தையல் மிஷின் மிதித்துப் பூனையை வளர்த்தவள் அக்கா. இவளுக்கும் சேர்த்துத் தானே பேசித் தீர்த்துவிட்டதாகக் கேலி செய்வாள். இப்போது அக்காவின் நெஞ்சில் புற்றுநோயால் நீர் கோத்திருந்தது. மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காது. அடுத்த சுற்றுக்குப் போவதா, விடுவதா என்று அவள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. போயே ஆகவேண்டும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார்.

நெஞ்சிலிருந்து எடுத்த நீரில் கொஞ்சத்தை, அக்காவின் சம்மதத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதிலிருந்த செல்களை ஆய்வை நடத்தும் டாக்டரம்மா தனித்தனித் தட்டுகளில் வளர்த்து, ஒன்றில் அதே மருந்தை விட்டார். பூனை வேண்டுமானால் வெளியே இருக்கலாம் என்றார். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

மருந்து பிடித்தால் செல் சுருங்கும், ஓரத்தில் கொப்புளம் கட்டும். அக்காவின் செல்கள் அப்படி எதுவும் செய்யவில்லை. மருந்துக்குள்ளேயே உருண்டு திரண்டு உயர்ந்து, ஒன்று இரண்டாகப் பெருகின. பிரியும் செல்லைப் பார்ப்பதென்றால் பூனைக்கு எப்போதுமே ஆசை. அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அக்கா கேட்டதற்கு இன்னும் முடியவில்லை என்று மழுப்பினாள். மறுநாளும் அதையே சொன்னாள். அப்படியானால் நானே வந்து பார்க்கிறேன் என்றாள் அக்கா. டாக்டரம்மாவும் சரி என்றார்.

தட்டில் தெரிவதெல்லாம் உடம்பில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, ஸ்கேனையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா பக்குவமாக விளக்கினார். அக்கா மூச்சு வாங்க மேசையைப் பிடித்தபடி நின்றாள். திரையில் கோடுகள் நடுங்கின.

"கையை மட்டும் எடுத்துக்கோங்கம்மா. படம் கலங்குது" என்றார் டாக்டரம்மா.

அக்கா கையை எடுத்தாள். குன்றுகள் தெளிந்து வந்தன. ஒன்று பிளந்துகொண்டிருந்தது.

"நான் கை வெச்சா மேசையே ஆடுது. அவ்ளோ மருந்தை ஊத்தியும் இதுங்க அசையலையே."

அது எந்தத் தட்டு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "மருந்துல இருக்கறதுதானேடி இது?"

"ஆமாக்கா."

"என் முகத்தைப் பாக்காமலே சாப்பாடு போட்டியே, அப்பவே நெனச்சேன்."

ஸ்கேனும் வேறு மாதிரி சொல்லவில்லை. கொடுத்துப் பார்க்க வேறு மருந்தும் இல்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அக்கா வெகுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, திணறும்போது நீரை மட்டும் எடுத்தால் போதும், இனி மருந்து ஏற்ற வேண்டாம் என்றாள்.

"அத்தான்கிட்ட நீ சொல்லு. நான் சொன்னா பயந்து பின்வாங்கறேன்னு நெனப்பாரு."

"நானா?"

"நீதானேடி பாத்தவ."

அத்தான் வேலை முடிந்து வந்ததும் பூனை அவர் எதிரே போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவரோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. பார்த்ததை முதலிலிருந்து சொன்னாள். மிஷின் பொய் சொல்லாதா என்றார் அவர், வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றார், கடைசியில் குரலை உயர்த்தினார். அவள் குரலை உயர்த்தாமல் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

அத்தான் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே அக்கா இருமினாள். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே ஓடினார்கள்.