தலையாட்டினா மெஷின் ஓடுமா?

போன சனிக்கிழம காலைல, ஓடற மெஷினுக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு, சுவத்துல ஒட்டியிருக்கற ஃபயர் சேஃப்டி போர்ட நாலு தடவ படிச்சன். பத்தாங்கிளாஸ்ல இப்படி ஒரு தடவ படிச்சிருந்தாலே பாஸாகி இருப்பன்...

ஏன் படிச்சன்? திரும்பினா நஸ்ரின் என் மூஞ்சியப் பாத்துடுவா.

நஸ்ரின் தேன்கனிக்கோட்ட பொண்ணு. டிப்ளமோ முடிச்சிட்டு, ஓசூர்ல எங்க கம்பெனிக்கு ட்ரெய்னியா வந்தா. சிஎன்சி லேத், அதான் நம்பர் குடுத்தா இரும்ப தானா கடையற மெஷின், அத கத்துக்குடுக்கற வாத்தியார் யாரு? பத்து ஃபெயிலான நான்! கேட்டா எங்க கணக்கு மிஸ் மயங்கி விழுந்துடுவாங்க.

பொண்ணு செம ஷார்ப். ஒரே ஒரு வியாதி. எந்தப் பட்டன அழுத்தறதுக்கு முன்னாடியும் என் மூஞ்சியப் பாப்பா. "ஓகேவாணா?" நான் தலையாட்டுவன். அழுத்துவா. அடுத்த பட்டன்... "ஓகேவாணா?"

பொய் சொல்லக்கூடாது, எனக்கு அது ஜாலியாதான் இருந்துச்சு. ஒரு தல ஆட்டினா ஒரு மெஷின் ஓடுது... யாருக்குக் கெடைக்கும் இந்த மரியாத?

ஒரு நாள் டீ குடிச்சிட்டு கத பேசி லேட்டா வரேன். மெஷின் நின்னுட்டு இருக்கு. நஸ்ரினும் நின்னுட்டு இருக்கா. பக்கத்துல சூப்பர்வைசர் மஞ்சு சார், மூஞ்சி செவந்து.

"ஏன்மா நிக்கற?"

"அண்ணன் இன்னும் வரல சார்."

சார் என் பக்கம் திரும்பினார். "ஏன்ப்பா, இது அவளுக்கு ட்ரெய்னிங்கா, உன் கழுத்துக்கு எக்சர்சைஸா? மாசக் கடைசி சனிக்கிழம புது ஜாப் ஒண்ணு வருது, அதுக்கு மெஷின அவளே தனியா செட் பண்ணட்டும். ஃபர்ஸ்ட் பீஸ் சரியா வந்தா மெஷின் அவளுக்கு. இல்லன்னா பேக்கிங் செக்ஷன்."

டிப்ளமோ படிச்சிட்டு அட்டப்பொட்டி ஒட்டறதா? அதுவும் என் கொழுப்பால?

அன்னில இருந்து ரூல மாத்தினன். "ஓகேவா"ன்னு கேக்கக்கூடாது. என்ன பண்ணப்போற, ஏன் பண்ணப்போறன்னு சொல்லணும். சொன்னா. கரெக்டா சொன்னா. ஆனா சொல்லி முடிச்சிட்டு... மறுபடியும் என் மூஞ்சி!

சரி, இதுக்கு ட்ரீட்மெண்ட் வேற. ஒரு நாள் மெஷின்ல இரும்பே மாட்டாம, சும்மா காத்துல ஓட்ட வச்சன். இரும்ப வெட்டற டூல் எங்க நிக்கணும்கற நம்பர நானே தப்பா சொன்னன். அவ ஒரு நொடி யோசிச்சா. என்னப் பாத்தா. ஜம்முனு தலையாட்டினன். அழுத்திட்டா. டூல் போக வேண்டிய எடத்த விட்டுட்டு எங்கயோ போய் நின்னுச்சு.

"ணா! நீங்கதான தலையாட்டினீங்க?"

"ஏம்மா, பத்தாங்கிளாஸே தாண்டாத தல இது. இத நம்பியா மெஷின் ஓட்டற?"

ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. ஆனா அழுத்தறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ அளக்க ஆரம்பிச்சா. எனக்கு அது போதும்.

அப்பறம் அந்த சனிக்கிழம. மஞ்சு சார் கைய கட்டிட்டு அவ பக்கத்துல நிக்கறார். நான் ஃபயர் போர்ட் பக்கத்துல. மெஷின் ஓட ஆரம்பிச்சுது. திடீர்னு நின்னுச்சு. கதவு தெறக்கற சத்தம்.

போச்சுடா... பேக்கிங்தான்!

திரும்பிடலாமான்னு கழுத்து துடிக்குது. பல்லக் கடிச்சிக்கிட்டு 'தீ பரவினால் பதறாதீர்கள்'ன்னு மூணாவது தடவ படிச்சன்.

மறுபடியும் மெஷின் ஓடுச்சு. நாலாவது தடவ படிச்சி முடிக்கறதுக்குள்ள பீஸ் வெளிய வந்துடுச்சு. குவாலிட்டி செக்ஷன்ல அளந்து பாத்தாங்க. பாஸ்! அப்படியே அச்சு மாதிரி!

"நடுவுல ஏம்மா நிறுத்தின?" சார் கேட்டார்.

"வெட்டற சத்தம் மாறுச்சு சார். டூல் முனை தேஞ்சிருந்துச்சு. வேற முனை போட்டு, அளந்து பாத்துட்டு ஓட்டினன்."

சத்தத்த வச்சிக் கண்டுபுடிக்கறத நான் சொல்லியே தரல. சத்தியமா. எனக்கே அது வர மூணு வருஷம் ஆச்சு.

"ஒரு தடவகூட உங்க பக்கம் திரும்பல, பாத்தீங்களாணா?"

"எங்க பாத்தன்? தீய எப்படி அணைக்கறதுன்னு படிச்சிட்டு இருந்தன்."

கைவிட்டாதான் கத்துப்பாங்கன்னு சொல்றாங்க. கைய விடறது ஈஸிங்க. தலைய ஆட்டாம இருக்கறதுதான் கஷ்டம்.

திங்கக்கிழம என் மெஷின்லயும் ஒரு புது ஜாப். பச்ச பட்டன் மேல வெரல வச்சிட்டு, என்னமோ தெரியல, பக்கத்து மெஷின்ல இருந்த நஸ்ரின் மூஞ்சியப் பாத்தன்.

ஜம்முனு தலையாட்டினா.

வெரல எடுத்துட்டு, மொதல்ல இருந்து அளந்தன்.